இருப்புப் பதிவேட்டில் ஒரு பந்து

ஜூன் மாதம் கடையநல்லூர் டீக்கடையில் யாராவது "சீசன் எப்படி?" என்று கேட்டால், கேள்வி குற்றாலத்தைப் பற்றியது. சாரல் பிடித்துவிட்டதா, ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் விழுகிறதா, மெயினருவியில் குளிக்க விடுகிறார்களா என்று பொருள். பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் அணை மட்டங்கள் வரும். குண்டாறு 36 அடி, கருப்பாநதி 72 அடி, அடவிநயினார் 132 அடி என்று முழு அளவுகள் இங்கே விவசாயிகளுக்கு மனப்பாடம். குண்டாறு சின்ன அணை, முந்திக்கொண்டு நிரம்பிவிடும். கருப்பாநதி எந்த அடியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடையநல்லூர்க்காரர் கார் நெல்லுக்கு நாற்றுப் பாவலாமா என்று யோசிப்பார். எங்கள் பக்கத்தில் வரப்போகும் பருவத்தைக் கணிப்பது என்றால் இவ்வளவுதான்.

அதே வாரங்களில் இன்னொரு சீசனும் தொடங்குகிறது. அதைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வரி வராது. முதலாண்டுப் பிள்ளைகள் வகுப்பறை எது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறும்: கால்பந்து அணித் தேர்வு, மாலை நான்கு மணி.

அமெரிக்காவில் கல்லூரி அணிகளை முன்கூட்டியே கணிப்பதற்கென்றே ஒரு தொழில் நடக்கிறது. சீசன் தொடங்குமுன்பே கல்லூரி அணிகளை ஒவ்வொன்றாக அலசும் சிறப்பிதழ்கள் கடைக்கு வந்துவிடும். அசோசியேட்டட் பிரஸ் 1936 முதல் கல்லூரி அணிகளை வரிசைப்படுத்துகிறது. 1950 முதல், ஒரு ஆட்டம்கூட நடக்குமுன்பே அந்த வரிசை வெளிவருகிறது. அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது முட்டை வடிவப் பந்தை. அது வேறு ஆட்டம். ஆனால் ஆடுவதற்கு முன்பே யார் ஜெயிப்பார் என்று அடித்துக்கொள்ளும் சுகம் எல்லா ஊருக்கும் பொது.

எங்கள் பக்கத்துக் கல்லூரி அணிகளுக்கு அப்படி ஒரு முன்னோட்டம் எழுத உட்கார்ந்தால் எதை வைத்து எழுதுவது? போன வருஷ கோல் கணக்கை யாரும் சேர்த்து வைக்கவில்லை. ஆட்டத்தின் வீடியோ என்றால் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று ஒரு பையன் செல்போனில் எடுத்த நாற்பது விநாடி. எனக்குத் தெரிந்த ஒரே வழி, பந்துப் பையைத் தரையில் கவிழ்த்துப் பார்ப்பது. எத்தனை பந்து, எதில் எவ்வளவு தேய்மானம், எதில் காற்று நிற்கிறது, எது முட்டையாகிவிட்டது. அணியின் பாதி ஜாதகம் அதில் இருக்கிறது. ஆகவே ஒரு பந்தைப் பின்தொடர்ந்து போகலாம்.

பந்தின் உயிர் அதன் பிளாடரில் இருக்கிறது. நல்ல பிளாடர் என்பது ரப்பர்ப்பால். இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி கேரளத்தில் விளைகிறது. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்தில். கடையநல்லூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அந்த மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் புனலூர், ரப்பர்க் காடு. விடியற்காலையில் பட்டையைச் சீவிச் சிரட்டையில் பிடிக்கிற பால் லாரி ஏறி வடக்கே போகிறது. நம் பையில் கிடக்கும் பந்தின் பிளாடர் அந்த மரத்தில்தான் பிறந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. பிறந்திருக்கலாம். அப்படியானால் மலைக்கு அப்பால் பிறந்தது, இப்பால் வந்து சேர ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றியிருக்கிறது.

சுற்றுவழியில் இருக்கிற ஊர் ஜலந்தர். பஞ்சாபின் இந்த நகரம் விளையாட்டுச் சாமான் நகரமானது சொந்த விருப்பத்தில் இல்லை. பிரிவினைக்கு முன் இந்தத் தொழிலின் தாய்வீடு சியால்கோட். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு டென்னிஸ் மட்டை, ஹாக்கி மட்டை, பந்து செய்து கொடுத்துக் கை தேர்ந்த ஊர். 1947-இல் கோடு கிழித்தபோது சியால்கோட் பாகிஸ்தான் பக்கம் போனது. அங்கிருந்த இந்து, சீக்கியத் தொழில்காரர்கள் ஊசியையும் தொழிலையும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். பலர் ஜலந்தரில் குடியேறினார்கள், சிலர் மீரட் வரை போனார்கள். ஜலந்தரின் பஸ்தி நௌ பகுதி இன்றும் விளையாட்டுச் சாமான் கடைகளால் நிறைந்த தெரு. இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் 160 கிலோமீட்டர் அளவுதான் தூரம். நடுவில் முள்வேலி.

கையால் தைக்கிற பந்து எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மேல்தோல் இப்போது தோல் இல்லை, பி.யு. அல்லது பி.வி.சி. அதன் முதுகில் இரண்டு மூன்று அடுக்குத் துணியை ரப்பர்ப்பால் பசையால் ஒட்டுகிறார்கள். துணி இல்லாவிட்டால் நாலு உதையில் பந்து பூசணிக்காயாக உப்பிவிடும். நெசவு செய்து பிழைத்த ஊர் கடையநல்லூர்; பந்தின் வயிற்றுக்குள்ளும் நெசவுதான் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள். ஒட்டிய ஷீட்டை அச்சு வைத்து வெட்டினால் ஆறு மூலைத் துண்டு இருபது, ஐந்து மூலைத் துண்டு பன்னிரண்டு. மொத்தம் 32. இவற்றைச் சேர்க்கிற தையல் வரிகளை எண்ணிப் பாருங்கள், சரியாகத் தொண்ணூறு வரும். ஆட்டம் தொண்ணூறு நிமிடம். இதில் ரகசியம் எதுவும் இல்லை, எண்ணிப் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவே.

துண்டுகளை ஒரு கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். முழங்காலுக்கு நடுவே மரக் கிட்டியை இடுக்கிக்கொண்டு, மெழுகு பூசிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, எதிரெதிராக இழுத்துத் தைக்க வேண்டும். உள்பக்கம் வெளியே இருக்கத் தைத்து, கடைசியில் சில வரிகள் பாக்கி இருக்கும்போது பிளாடரை வைத்துப் புரட்டுவார்கள். அந்தக் கடைசி வரியை வெளியிலிருந்தே, தையல் தெரியாமல் மூட வேண்டும். அதில்தான் கைக்காரர் யார் என்று தெரியும். ஒரு பந்தில் அறுநூறுக்கு மேல் தையல். நன்றாகத் தேர்ந்தவர் ஒரு நாளில் மூன்று நான்கு பந்து முடிப்பார். கூலி பந்துக்கு இவ்வளவு என்று.

இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு எங்கள் பக்கத்துத் திண்ணைகள்தான் ஞாபகம் வந்தன. மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்கள், ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி, இலையும் தூளும் கடையிலிருந்து வரும், கட்டு கடைக்குத் திரும்பும். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை ஜலந்தரில் கொண்டுபோய் உட்காரவைத்தால் மொழிதான் புரியாது. கணக்கு உடனே புரிந்துவிடும். குழந்தைகள் கையும் இதில் பட்டிருக்கிறது, பீடியிலும் பட்டது போல. உலகம் கண்டித்த பிறகு, சியால்கோட் பந்துத் தொழிலிலிருந்து சிறுவர்களை விலக்க 1997-இல் அட்லாண்டாவில் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஜலந்தரிலும் அதே கேள்வி எழுந்தது. பையனின் காலுக்கு வந்து சேரும் பந்தை இன்னொரு பையனின் விரல் தைத்திருக்கக் கூடாது என்பதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய காலம் அது.

பந்து கோடவுனில் பெட்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பழைய கதை. 1869 நவம்பர் 6 அன்று அமெரிக்காவில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் மோதின. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அணிக்கு 25 பேர், ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. வேடிக்கை என்னவென்றால் அன்று உதைத்தது உருண்டைப் பந்து. கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டமும் முட்டைப் பந்தும் பிற்பாடு வந்தவை. அதே 1869-இல் வங்காளத்தில் பிறந்தவர் நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. எட்டு வயதில், 1877-இல், கல்கத்தா மைதானத்தில் வெள்ளைக்காரர் உதைத்த பந்து தன் பக்கம் உருண்டுவர, அதைத் திருப்பி உதைத்தவர். அந்த உதையின் ருசி விடவில்லை. ஹேர் பள்ளிக்கூட நண்பர்களிடம் காசு பிரித்துக் கடையில் பந்து வாங்கினார். வாங்கிவந்தது ரக்பி பந்து. பையன்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை, முட்டையைத் தரையில் உதைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் பார்த்துவிட்டு உருண்டைப் பந்து வரவழைத்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார் என்பது இந்தியக் கால்பந்தின் பிறப்புக் கதை. அமெரிக்கக் கல்லூரி உருண்டையில் தொடங்கி முட்டைக்குப் போனது; நம் ஆள் முட்டையில் தொடங்கி உருண்டைக்கு வந்தார்.

சரி, நம் பந்து தெற்கே வந்துவிட்டது. லாரியில் காற்றில்லாமல், சப்பையாக மடிந்து, ஒரு டஜன் ஒரு பெட்டியில். கல்லூரிக்குள் பந்து நுழைவது ஜாதகம் எழுதுவது போல. மூன்று கொட்டேஷன், அதில் குறைந்த விலை, முதல்வர் கையெழுத்து. பிறகு இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி. நாள், எண்ணிக்கை, விலை. பந்தின் மேல் மார்க்கர் பேனாவில் துறையின் சுருக்கப் பெயரும் ஒரு எண்ணும். குறைந்த விலை என்ற விதிதான் அணியின் முதல் எதிரி. பி.யு. பந்துக்கும் மட்டரக பி.வி.சி. பந்துக்கும் பேப்பரில் பெயர் ஒன்று: கால்பந்து, சைஸ் 5. காலில் பட்டால்தான் தெரியும். பி.வி.சி. பந்து கட்டை போல் கனக்கும், தலையால் முட்டினால் நெற்றி சிவக்கும். அந்தப் பந்தில் பயிற்சி எடுத்த பையன் பந்தைத் தலையில் வாங்கவே தயங்குவான். கார்னரில் கோல் வாங்குகிற அணியின் குறை அந்தக் கொட்டேஷனில் தொடங்கியிருக்கலாம்.

காற்றடிப்பது பி.டி. சாரின் வேலை என்றாலும் செய்வது போன வருஷ கேப்டன். ஊசியை எச்சில் தொட்டு நுழைக்க வேண்டும், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். விதிப்படி பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். அளவுநாடா யாரும் எடுப்பதில்லை. இடுப்பு உயரத்திலிருந்து விட்டுப் பார்த்து, முழங்காலுக்கு எழும்பினால் சரி. ரப்பர்ப்பால் பிளாடர் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும், பியூட்டைல் பிளாடர் வாரக்கணக்கில் நிற்கும். இறங்குகிற பந்துதான் காலுக்கு இதம் என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள். அதைத் தினமும் ஊதி வைக்க ஒரு ஆள் இருக்கிற அணி, ஒழுங்கான அணி. இது என் முதல் கணிப்பு.

பையில் நம் ஜலந்தர்க்காரனுக்குப் பக்கத்தில் இன்னொரு பந்து கிடக்கும். பளபளப்பானது, பெரிய கம்பெனி முத்திரை. பதிவேட்டில் அதற்கு வரி கிடையாது. யாரோ ஒருவனின் அண்ணனோ மாமாவோ துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. கடையநல்லூருக்கு இது புதிதில்லை. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கியது. அங்கே உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியை 1946-இல் நிறுவியது அந்தச் சங்கம்தான். ஊரைவிட்டுப் போனவர் அங்கே பள்ளிக்கூடம் கட்டினார், இங்கே வரும்போது பெட்டி கட்டினார். அந்தப் பந்தின் வால்வுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தைப் படித்தால் பலமுறை இருப்பது "பாகிஸ்தானில் செய்தது". அதாவது சியால்கோட். உலகத்தின் கைத்தையல் பந்துகளில் பெரும்பங்கு இன்றும் அந்த ஊரிலிருந்துதான். எழுபது எண்பது வருஷத்துக்கு முன் ஒரே தெருவில் தைத்த இரண்டு குடும்பங்களின் பந்துகள், ஒன்று நேரே தெற்கே வந்து, ஒன்று கடல் தாண்டிச் சுற்றி வந்து, எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கோணிப்பையில் உரசிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றுக்கு இது தெரியாது. பையன்களுக்கும் தெரியாது. "சிங்கப்பூர்ப் பந்து மேட்சுக்கு, இது பிராக்டிஸுக்கு" என்று பிரித்து வைத்துவிடுவார்கள்.

தேர்வு நாளில் பந்து மைதானத்துக்கு வரும்போது முதலில் சந்திப்பது பையன்களை இல்லை, மேகாத்தை, அதாவது மேற்குக் காற்றை. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் புகுந்து தென்காசி, சுரண்டை, கடையநல்லூர்ப் பக்கமெல்லாம் வாரி அடிக்கும். காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடியில் கிழக்கு கோல்போஸ்ட்டிலிருந்து கோலி உதைக்கிற பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் அந்தரத்தில் நின்று யோசித்துவிட்டு அவன் பக்கமே திரும்பி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு நான் மிகைப்படுத்தவில்லை என்று தெரியும். மேற்கிலிருந்து அடித்தால் பந்து ரோட்டுக்கு.

ஆகவே இங்கே தயாராகிற அணி ஒரு தனி ஆட்டம் கற்றுக்கொள்கிறது. பந்தை உயர்த்தக் கூடாது, காலோடு காலாகத் தரையில் நகர்த்த வேண்டும், டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் காற்றைத் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். பார்க்க அழகான ஆட்டம். சிக்கல் என்னவென்றால், போட்டி உச்சத்துக்கு வரும் புரட்டாசியில் காற்று விழுந்துவிடும். ஆடியில் காற்றுக்குக் கணக்குப் போட்டு உதைத்துப் பழகிய கால், அசையாத காற்றில் பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ அதே கணக்கைப் போடும், பந்து கோலுக்கு மேலே போகும். ஆடி மாத ஆட்டத்தைப் பார்த்து "இந்த வருஷம் நம்ம பயக தூக்கிருவானுவ" என்று டீக்கடையில் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

போட்டி யாரோடு? மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் உருவானது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி நான்கு மாவட்டக் கல்லூரிகளும் அதன் குடைக்குள். அதனால் மலையடிவாரத்துப் பையன் கடலோரத்துப் பையனோடு மோதியாக வேண்டும். அங்கேதான் வயிற்றைக் கலக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், இரவிபுத்தன்துறை வட்டாரத்து மீனவ ஊர்களில் கால்பந்து பொழுதுபோக்கு இல்லை, ஊர் அடையாளம். ஐ.எஸ்.எல்.லில் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தா அணிக்கும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். கடல் மணலில் பந்து எழும்பாது. அதனால் அந்தப் பிள்ளைகள் கால்விரலால் பந்தைக் கிளப்பவும் மார்பில் வாங்கி இறக்கவும் நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிறார்கள். எங்கள் செம்மண்ணில் பந்து கல்லில் பட்டுத் திசை மாறும். எங்கள் பையனுக்கு எதிர்பாராத துள்ளலைப் பிடிக்கத் தெரியும், ஆனால் மார்பில் வாங்கப் பயம். இரண்டு மண், இரண்டு உடம்பு. அந்தப் பக்கத்துப் பையன்கள் நிறைந்த அணிக்குத்தான் என் பணத்தைக் கட்டுவேன், சொந்த ஊர்க்காரர்கள் கோபித்தாலும்.

அதற்கும் ஒரு ஆனால் உண்டு. கல்லூரி அணி என்பது மூன்று வருஷத்தில் முழுசாக உரிந்து போகிற தோல். நல்ல ஸ்டாப்பர் மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டுக் கப்பலுக்கோ கடலுக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவான். விங்கில் பறந்தவனுக்கு அரியர் நாலு, வீட்டில் ஷூவை ஒளித்து வைத்திருப்பார்கள். முன்னோட்டம் எழுதுகிறவன் கேட்க வேண்டிய கேள்வி "எவன் வந்திருக்கான்?" என்பதைவிட "எவன் இன்னும் இருக்கான்?" என்பது.

நம் பந்து செப்டம்பரைத் தாண்டும்போது அடையாளம் மாறியிருக்கும். செம்மண் மைதானம் அரம் மாதிரி. முதலில் முத்திரை அழியும், பிறகு எண், பிறகு பளபளப்பு. சாரலில் நனைந்து காய்ந்து தையல் வாயைத் திறக்கும். சீமைக்கருவேல முள் ஒன்று ஏறினால் சைக்கிள் கடைக்குப் பயணம். பஞ்சர் ஒட்டுகிறவர் பந்தை அப்படியே வாங்கி ஒட்ட மாட்டார். செருப்புத் தைக்கிறவர் இரண்டு வரியைப் பிரித்துக் கொடுத்தால், பிளாடரை வெளியே எடுத்து ஒட்டித் தருவார். திரும்பச் செருப்புக்காரர் தைப்பார். ஜலந்தரில் மறைத்து மூடிய அந்தக் கடைசித் தையல் இப்போது கறுப்பு நூலில் வெளியே தெரிய நிற்கும். அறுவைசிகிச்சை ஆன பந்து ஒரு பக்கம் கனம், உருளும்போது நொண்டும். அணி ஆட்களுக்கு அந்த நொண்டல் பழகிவிடும். வெளியூர் அணி பயிற்சி ஆட்டத்துக்கு வந்தால் இந்தப் பந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், சிங்கப்பூர்ப் பந்தை ஒளித்துவிட்டு. இதைத் தந்திரம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 1930 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்திலேயே பந்து யாருடையது என்று சண்டை வந்து, முதல் பாதி அர்ஜென்டினா பந்திலும் இரண்டாம் பாதி உருகுவே பந்திலும் ஆடினார்கள். அவரவர் பந்தில் அவரவர் முந்தினார்கள். உருகுவே 4-2 என்று ஜெயித்தது. எங்கள் பையன்களுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள்.

வருஷக் கடைசியில் தணிக்கை. பதிவேட்டில் பன்னிரண்டு, பையில் ஏழு. இரண்டைக் காணோம், மூன்று கிழிசல். கிழிசலைக் கழிவு செய்ய ஒரு குழு, ஒரு குறிப்பு, மறுபடியும் முதல்வர் கையெழுத்து. அத்துடன் நம் பந்து அரசாங்கக் கணக்கில் இறந்துவிடுகிறது. நிஜத்தில், கழித்த பந்தைக் காவலரின் மகன் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

பங்குனி, சித்திரையில் குளங்கள் வற்றினால் அதைவிட நல்ல மைதானம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தாலும் கல் இல்லை. செருப்பை இரண்டு இரண்டாக வைத்துக் கோல்போஸ்ட். எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை ஒரே ஆட்டத்தில், ஷூ கிடையாது, ரெஃப்ரி கிடையாது. முட்டையாகிப் போன பந்து. கடலோரத்து அணியை ஒரு நாள் மறிக்கப்போகிற ஸ்டாப்பர் இந்தக் கூட்டத்தில் எங்கோ, கரையோரம், ஆளில்லாததால் கோலியாக நிறுத்தப்பட்டிருக்கலாம். கல்லூரிக்குள் நுழையாமல் நடக்கிற இந்தத் தேர்வை எந்த பி.டி. சாரும் வந்து பார்ப்பதில்லை.

ஜூனில் கருப்பாநதியில் மட்டம் ஏறத் தொடங்கும். கால்வாயில் முதல் தண்ணீர் வந்த அன்று குளத்துக்குள் ஆட்டம் நிற்காது, கணுக்கால் நனையும்வரை ஆடுவார்கள். பிறகு ஒருவன் உயர உதைப்பான், மேகாத்து அதைத் தூக்கி ஆழத்தில் போடும். பந்து மிதக்கும், யாரும் நீந்திப் போய் எடுக்க மாட்டார்கள்.

கரையில் நிற்கிற பெரியவர் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கேட்பார், "என்னடே, சீசன் எப்படி?"

"செலக்சன் திங்கக்கிழமை, மாமா."